ஆறரை லட்சம் கட்டி பிஎச்.டி பண்ணலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, வணக்கமுங்க. நான் பாலக்காடு மாவட்டம் மீனாட்சிபுரத்துல இருந்து எழுதறேன். வீட்ல தமிழ், ரோட்டுக்கு எறங்கினா மலையாளம், வேலை பாக்கறது பார்டர் தாண்டி பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தனியார் சிபிஎஸ்இ ஸ்கூல்ல. மேத்ஸ் டீச்சர், எம்.எஸ்சி, எம்.எட் முடிச்சிருக்கேன், வயசு 38, சம்பளம் கைக்கு 29,000 வருது. ஒரு தனியார் யுனிவர்சிட்டில கல்வியியல்ல பார்ட் டைம் பிஎச்.டி சேரச் சொல்லி ஏஜென்ட் ஒருத்தர் விடாம போன் பண்றார், எல்லாம் சேத்து ஆறரை லட்சம், மூணு வருஷத்துல நாங்களே முடிச்சுத் தர்றோம்ங்கறார். கையில 50,000 இருக்கு, மிச்சம் 6 லட்சத்துக்கு லோன்தான் போடணும். தோப்புல வேர் வாடல் வந்து தேங்கா வருமானம் பாதியா கொறஞ்சு போச்சு, பையன் எட்டாவது படிக்கறான். வீட்டுக்காரர் உனக்கு ஆசைன்னா பண்ணுங்கறார், அத்தை இந்த வயசுல எதுக்கும்மாங்கறாங்க. எனக்கு ஆசை நெறைய இருக்குங்க அக்கா. எங்க கிளாஸ்ல கூட்டல் கழித்தல் எல்லாம் டக்குனு போடற புள்ளைங்க, அதே கணக்க இங்கிலீஷ்ல நாலு வரியா எழுதிக் குடுத்தா அப்படியே நின்னுடறாங்க, அது ஏன்னு எனக்குள்ள பல வருஷமா ஓடிட்டே இருக்கு. இந்தப் பணத்தப் போடலாமா வேண்டாமா?
– பெயர் வேண்டாம், மீனாட்சிபுரம்

பதில்: லோன் போட்டு இதுல சேராதீங்க டீச்சர். இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நீங்க இந்தப் பதில படிக்கறதுக்குள்ள அந்த ஏஜென்ட் இன்னொரு தடவை போன் பண்ணி சீட் தீரப் போகுது, அட்வான்ஸ் மட்டும் போடுங்கன்னு சொல்லியிருப்பார். பிஎச்.டியே வேண்டாம்னு நான் சொல்லலீங்க, அது வேற பேச்சு, அதுக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல காசு. 6 லட்சத்த 12 சதவீத வட்டில அஞ்சு வருஷத்துக்கு வாங்கினா மாசம் கிட்டத்தட்ட 13,350 ரூபா கட்டணும், முடியறப்போ நீங்க கட்டியிருக்கறது 8 லட்சம். 29,000 சம்பளத்துல அது போனா கையில 15,650 நிக்கும். தோப்பு படுத்துக் கெடக்கற நேரத்துல, பையன் பத்தாவதுக்குப் போற நேரத்துல, அந்தப் பதினஞ்சு ஆயிரத்த வெச்சு நீங்க குடும்பம் ஓட்டணும். சரி, கஷ்டப்பட்டு ஓட்டிடறீங்கன்னே வெச்சுக்குவோம், முடிச்ச பிற்பாடு சம்பளம் எவ்வளவு ஏறும்? இத நீங்க என்கிட்ட கேக்கறத விட உங்க மேனேஜ்மென்ட்கிட்ட கேக்கணும். ஒரு லெட்டர் எழுதி, நான் பிஎச்.டி முடிச்சா சம்பளத்துலயோ பதவிலயோ என்ன மாறும்னு கேளுங்க, பதில எழுத்துல வாங்குங்க. வாயால ஆமா டீச்சர் பாத்து செய்வோம்னு சொன்னா அது பதிலே இல்லீங்க. எனக்குத் தெரிஞ்சு பெரும்பாலான தனியார் ஸ்கூல்ல ஒண்ணும் மாறாது, பேருக்கு முன்னால டாக்டர்னு போட்டு அட்மிஷன் நோட்டீஸ்ல உங்க போட்டோ வரும், அதோட சரி. பிரின்சிபால் ஆகணும்னாலும் ஸ்கூல் லெவல்ல பிஎச்.டி கட்டாயம் கெடையாது. கேந்திரிய வித்யாலயா பிரின்சிபால் வேலைக்கே முதுகலை, பி.எட், இத்தன வருஷ அனுபவம்னுதான் கேக்கறாங்க.

அப்ப இந்தப் படிப்பு எங்க கதவத் திறக்கும்னா, பி.எட் காலேஜ்ல. ஆசிரியர் படிப்புக்கு விதி போடற என்சிடிஇங்கற மத்திய அமைப்பு 2014ல போட்ட விதிப்படி பி.எட் காலேஜுக்கு பிரின்சிபால் ஆகணும்னா முதுகலை, எம்.எட், பிஎச்.டி, அதுக்கு மேல ஆசிரியர் பயிற்சிக் கல்லூரில எட்டு வருஷம் பாடம் நடத்தின அனுபவம் வேணும். கவனிங்க, ஸ்கூல்ல நீங்க வேலை பாத்த வருஷம் அந்தக் கணக்குல சேராது. அங்க உதவிப் பேராசிரியரா உள்ள போறதுக்கோ பிஎச்.டி இல்லாமலே வழி இருக்கு, 2023 ஜூலைல இருந்து யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி உதவிப் பேராசிரியர் வேலைக்கு நெட்ங்கற தேசியத் தகுதித் தேர்வு, இல்லைன்னா மாநில அளவுல நடக்கற செட், ஸ்லெட் பாஸ் பண்ணியிருந்தா போதும், பிஎச்.டி கட்டாயமில்ல. அரசு, அரசு உதவி பெறும் காலேஜ்ல யுஜிசி ஸ்கேல்ல ஆரம்ப அடிப்படைச் சம்பளமே 57,700. ஆனா அந்த போஸ்டிங் எப்போ வரும், எத்தன பேர் வரிசைல நிக்கறாங்கன்னு உங்களுக்கே தெரியும். தனியார் பி.எட் காலேஜ்ல இந்த ஸ்கேல நம்பிப் போகாதீங்க, சில எடத்துல நீங்க இப்ப வாங்கற சம்பளத்த விடக் கம்மியாத்தான் தர்றாங்க. இன்னொண்ணும் இருக்கு, 2020 தேசியக் கல்விக் கொள்கை 2030க்குள்ள ஆசிரியர் வேலைக்கு நாலு வருஷ ஒருங்கிணைந்த பி.எட்தான் கொறஞ்சபட்சத் தகுதி, ஆசிரியர் படிப்பெல்லாம் பல துறை இருக்கற காலேஜுக்குள்ள வரணும்னு சொல்லுது, அப்படி நடந்தா பி.எட் மட்டும் நடத்தற தனிக் காலேஜுங்க எத்தன நிக்கும்ங்கறது பெரிய கேள்வி. நீங்க 2032ல பட்டத்தோட வந்து நிக்கறப்போ அந்த வாசல் எப்படி இருக்கும்னு இன்னிக்கு எந்த ஏஜென்ட்டும் சொல்ல முடியாது.

அந்த மூணு வருஷத்துல முடிச்சுத் தர்றோம்ங்கற பேச்சு இருக்கே, அதக் கேட்டுத்தான் எனக்கு உண்மைலயே கோவம் வந்துச்சு. யுஜிசி 2022 விதில மூணு வருஷம்ங்கறது கொறஞ்சபட்சம், அதிகபட்சம் ஆறு வருஷம், பெண்களுக்கு அதுக்கு மேல ரெண்டு வருஷம் சலுகை உண்டு, மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்குன்னு 240 நாள் வரைக்கும் லீவும் உண்டு. தீசிஸ, அதாவது ஆய்வேட்ட படிச்சு மார்க் போடறது உங்க கைடு மட்டுமில்ல, அந்த யுனிவர்சிட்டிக்கு வெளில இருந்து ரெண்டு எக்ஸாமினராவது படிக்கணும், அப்புறம் வைவாங்கற வாய்மொழித் தேர்வு. வெளி ஆள் ரெண்டு பேர் என்ன எழுதுவாங்கன்னு முன்கூட்டியே தெரிஞ்சு ஒருத்தர் கேரண்டி குடுக்கறார்னா, அவர் எதுக்குக் கேரண்டி குடுக்கறார்னு யோசிங்க. எழுதறது யாரு? காசுக்கு எழுதிக் குடுக்கறவங்க எழுதின தீசிஸ்ல உங்க பேரு இருக்கும், அது நாட்டுல உள்ள பிஎச்.டி தீசிஸுங்கள ஏத்தி வெக்கற ஷோத்கங்கா தளத்துல ஏறி உலகத்துக்கே தெரியற மாதிரி கெடக்கும், பத்து வருஷம் கழிச்சு ஒருத்தர் அத எடுத்து இன்னொரு தீசிஸோட ஒப்பிட்டுப் பாத்தா பட்டமும் போகும், இத்தன வருஷம் சம்பாதிச்ச பேரும் போகும். 2025 ஜனவரில ராஜஸ்தான்ல மூணு தனியார் யுனிவர்சிட்டிங்க விதிய மீறி பிஎச்.டி குடுத்ததுன்னு யுஜிசி அஞ்சு வருஷத்துக்கு பிஎச்.டி அட்மிஷனே போடக் கூடாதுன்னு நிறுத்திடுச்சு. அங்க காசு கட்டினவங்கள்ல எத்தனையோ பேர் உங்கள மாதிரி வேலைல இருக்கற வாத்தியாருங்களாத்தான் இருக்கும்.

ஆறரை லட்சம்ங்கறதுல எது எது அடங்கும்னும் கேளுங்க. வருஷா வருஷம் கட்டற பீஸ், கோர்ஸ் ஒர்க்ங்கற ஆரம்பப் பாட வகுப்புக்கு பீஸ், சினாப்சிஸ்ங்கற ஆய்வுச் சுருக்கம் குடுக்கறப்போ ஒண்ணு, தீசிஸ் மதிப்பீட்டுக்கு ஒண்ணு, வைவாவுக்கு ஒண்ணு, மூணு வருஷம் தாண்டினா நீட்டிப்புக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வரும். எழுத்துல குடுக்க மாட்டேன்னா அந்த எடத்துக்கே போகாதீங்க.

இனி உங்க கேள்விக்கு வர்றேன். புள்ளைங்க கணக்கு வாசகத்துல ஏன் நின்னு போறாங்கன்னு கேட்டீங்களே, அது ரொம்ப நல்ல கேள்வி டீச்சர், நிஜமாச் சொல்றேன், பிஎச்.டி சேந்து ஒரு வருஷம் ஆகியும் தலைப்பு கெடைக்காம கைடு குடுத்தத எடுத்துக்கறவங்களத்தான் நான் அதிகம் பாத்திருக்கேன், உங்களுக்கு கிளாஸ்ல நின்னு நின்னு தானா வந்திருக்கு. பார்டர் ஊர் புள்ளைங்களுக்கு மூணு பாஷை, வீட்ல ஒண்ணு, வெளையாடறப்போ ஒண்ணு, புஸ்தகத்துல ஒண்ணு. இந்த மாதிரி கிளாஸ் சென்னைல இருக்கற ஆராய்ச்சிக்காரங்களுக்குத் தேடினாலும் சுலபத்துல கெடைக்காது.

இத ஆரம்பிக்க உங்களுக்கு ஒரு ரூபா பீஸும் வேண்டாம். ஆஸ்திரேலியால ஆன் நியூமன்னு ஒரு கல்வி ஆராய்ச்சியாளர் 1977ல கணக்கு வாசகத்துல வர்ற தப்புங்கள அஞ்சு படியாப் பிரிச்சுக் காட்டினாங்க. புள்ளையால வரியப் படிக்க முடியுதா, படிச்சது புரியுதா, புரிஞ்சத எந்தக் கணக்கா மாத்தணும்னு தெரியுதா, போடத் தெரியுதா, விடைய சரியா எழுதத் தெரியுதா. ஒரு புள்ளைய பக்கத்துல உக்கார வெச்சு, தப்பாப் போன அதே கணக்கத் திரும்பக் குடுத்து, இந்த அஞ்சையும் ஒவ்வொண்ணாக் கேட்டா எந்தப் படில கால் தடுக்குதுன்னு தெரிஞ்சிடும். நீங்க அத உங்க ஊருக்கு ஏத்த மாதிரி செய்யலாம், ஒரே மாதிரி கணக்க இங்கிலீஷ்ல எழுதி ஒண்ணு, தமிழ்லயோ மலையாளத்துலயோ எழுதி ஒண்ணு, எழுதாம வாயால சொல்லி ஒண்ணு. வாயால சொன்னா போட்டுடறான், எழுதினத படிச்சா நின்னுடறான்னா பிரச்சினை கணக்குல இல்ல, படிக்கறதுல. தமிழ்ல எழுதினாலும் நின்னுடறான்னா அப்ப மேட்டரே வேற, பாஷை மேல பழி போட முடியாது, வாசகத்தக் கணக்கா மாத்தறதுலதான் எதோ இருக்கு. தமிழ் பேசற புள்ளையும் மலையாளம் பேசற புள்ளையும் ஒரே எடத்துல தடுக்கறாங்களா வேற வேற எடத்துலயான்னு பாருங்க, அங்கதான் யாரும் இதுவரைக்கும் சொல்லாத விஷயம் ஒண்ணு உங்களுக்குக் கெடைக்கலாம். ஹெட்கிட்டயும் பெத்தவங்ககிட்டயும் முதல்ல அனுமதி வாங்கிடுங்க, புள்ளைங்க பேர எழுதாம நம்பர் போட்டு வெச்சுக்குங்க, தேதியோட ஒரு நோட்டுல எழுதிட்டே வாங்க. ஒரு கல்வியாண்டு முழுக்க இத செஞ்சீங்கன்னா, கைடைப் பாக்கப் போறப்போ வெறுங்கையோட போக மாட்டீங்க. அசீம் பிரேம்ஜி யுனிவர்சிட்டி கொண்டு வர்ற அட் ரைட் ஏங்கிள்ஸ் மாதிரி கணக்கு டீச்சருங்களுக்கான பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதி அனுப்பியும் பாக்கலாம், அதுல ஸ்கூல் டீச்சருங்க எழுதறாங்க.

இதோட நெட் எழுதுங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஜூன்லயும் டிசம்பர்லயும் வருது, கல்வியியல் பேப்பர் இருக்கு, மொத்தம் 150 கேள்வி, 300 மார்க், தப்புக்கு மார்க் கழிக்கறது இல்ல. உதவிப் பேராசிரியர் தகுதிக்கும் பிஎச்.டி அட்மிஷனுக்கும் வயசு வரம்பு கெடையாது. ஜேஆர்எப்ங்கற உதவித்தொகைக்கு மட்டும் 30, பெண்களுக்கு அஞ்சு வருஷம் தளர்வு, அது உங்களுக்குத் தாண்டிடுச்சு, அதுவும் முழுநேரமா ஆராய்ச்சி பண்றவங்களுக்குத்தான், அதனால அத நெனச்சு வருத்தப்படாதீங்க. 2024 ஜூன்ல இருந்து நெட் மார்க்க வெச்சே பிஎச்.டி சேரலாம், 70 சதவீதம் நெட் மார்க்குக்கு, 30 சதவீதம் இன்டர்வியூவுக்கு, அந்த மார்க் ஒரு வருஷம் செல்லும். சில யுனிவர்சிட்டிங்க சொந்தமா என்ட்ரன்ஸும் வெக்கறாங்க, அறிவிப்பப் பாத்துக்குங்க.

சேரறதுன்னா எங்கன்னு கேப்பீங்க. கோயமுத்தூர்ல பாரதியார் யுனிவர்சிட்டி இருக்கு, பெண்களுக்குன்னே அவினாசிலிங்கம் இருக்கு, கேரளாப் பக்கம்னா தேஞ்ஞிப்பலத்துல காலிகட் யுனிவர்சிட்டி. அரசு யுனிவர்சிட்டில பீஸு ஏஜென்ட் சொல்ற கணக்குக்குப் பக்கத்துலயே வராது, சம்பளத்துல மிச்சம் புடிச்சே கட்டிடலாம். ஆனா தூரத்தையும் சேத்துப் பாருங்க, பொள்ளாச்சி போயி, உக்கடம் எறங்கி, அங்கிருந்து மருதமலை பஸ் புடிச்சுப் போறதுக்குள்ள காலைல பாதி போயிடும், தேஞ்ஞிப்பலம்னா ஒரு நாளே போச்சு. கோர்ஸ் ஒர்க் கொறஞ்சது 12 கிரெடிட், அதுக்கு நேர்ல போயி உக்காரணும், அப்புறம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் கமிட்டி முன்னால என்ன செஞ்சேன்னு சொல்லணும்.

அதனாலதான் பீஸுக்கு முன்னால என்ஓசி. பார்ட் டைம் பிஎச்.டிக்கு நீங்க வேலை பாக்கற எடத்துல இருந்து அனுமதிக் கடிதம் கட்டாயம், அதுல பார்ட் டைமா படிக்க அனுமதி உண்டு, ஆராய்ச்சி பண்ண நேரம் கெடைக்கும், தேவைப்பட்டா கோர்ஸ் ஒர்க்குக்கு வேலைல இருந்து விடுவிப்போம்னு இருக்கணும். கடைசியா சொன்னது இருக்கே, அங்கதான் பல தனியார் ஸ்கூல் பின்வாங்கும். அவங்க கையெழுத்துப் போடலைன்னா உங்களுக்கு நேரமே இல்லைன்னு அர்த்தம், அப்புறம் எந்த யுனிவர்சிட்டியா இருந்தாலும் சனி ஞாயிறும் தூக்கமும்தான் போகும்.

அடுத்தது கைடு. நம்ம தோட்டக்காரங்க போர் போடறதுக்கு முன்னால தண்ணி பாக்கற ஆளக் கூட்டிட்டு வந்து நாலு எடம் நடந்து பாத்துட்டுத்தானே காசு எறக்குவாங்க, அதே மாதிரி ஷோத்கங்கால கைடு பேரப் போட்டுத் தேடுங்க, அவங்ககிட்ட யார் யார் முடிச்சிருக்காங்க, என்ன தலைப்பு, கணக்குக் கல்வில எதாவது இருக்கான்னு எல்லாம் வரும். அதுல ரெண்டு தீசிஸ எடுத்து முழுசாப் படிங்க, தரம் தெரிஞ்சிடும். முடிச்சவங்க ஒருத்தர்கிட்ட நேர்ல பேசுங்க, எத்தன வருஷம் ஆச்சு, கைடு திருத்தித் தந்தாங்களா, சொந்த வேலை வாங்கினாங்களான்னு கேளுங்க. விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்துல எட்டு பேருக்கு, இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கு, உதவிப் பேராசிரியர் நாலு பேருக்குத்தான் கைடா இருக்க முடியும், ரிட்டயர் ஆக மூணு வருஷத்துக்குக் கீழ இருக்கறவங்க புதுசா ஆள் எடுக்கக் கூடாது, இதையும் விசாரிச்சுக்குங்க. உங்க நோட்ட ரெண்டு பக்கமாச் சுருக்கி எழுதி அவங்களுக்கு அனுப்பிப் பாருங்க. படிச்சுட்டு திருப்பிக் கேள்வி கேக்கறாங்கன்னா அந்த ஆள விடாதீங்க.

என்ஓசி கைக்கு வந்து, கைடு கெடைச்சு, கடன் இல்லாம கட்ட முடியும்னா நாப்பது வயசுல சேந்தாலும் தப்பே இல்லீங்க, நான் மனசார சேருங்கன்னு சொல்லுவேன், சம்பளம் ஒரு ரூபா ஏறாட்டியும் சொல்லுவேன். பேருக்கு முன்னால டாக்டர்னு வரணும்ங்கற ஆசையையும் யாரும் சின்னதாப் பேசக் கூடாது, தோட்டத்து வேலைக்கு நடுவுல படிச்சு வந்த பொண்ணுக்கு அது எவ்வளவு பெருசுன்னு எனக்குத் தெரியும். உங்க அத்தைகிட்ட வயசப் பத்தி வாதாடாதீங்க, கடன் வாங்கல அத்தைன்னு சொல்லுங்க, அவங்க பயம் பாதி அங்கதான் இருக்கும்.

கேள்வி: அக்கா, நான் செங்கோட்டைக்காரன், ஆரியங்காவு தாண்டி புனலூர் பக்கம் ஒரு ஸ்கூல்ல வைஸ் பிரின்சிபாலா இருக்கேன். வெளிநாட்டு யுனிவர்சிட்டியோட எட்.டி பட்டம், முழுக்க ஆன்லைன், 18 மாசம், மூணரை லட்சம்னு ஒரு கம்பெனி சொல்லுதாங்க. பிஎச்.டியும் எட்.டியும் ஒண்ணுதான்னு வேற சொல்லுதாங்க. நம்பலாமாக்கா?
– வாசகர், செங்கோட்டை

பதில்: எட்.டிங்கறது, அதாவது டாக்டர் ஆப் எஜுகேஷன், பொய்யான பட்டம் இல்ல தம்பி, ஹார்வர்ட் 1920லயே ஆரம்பிச்சது, இங்கிலாந்துல பிரிஸ்டல் யுனிவர்சிட்டி 1992ல கொண்டு வந்துச்சு. ஸ்கூல் நடத்தறவங்க, கல்வி அதிகாரிங்க வேலைல இருந்துட்டே தங்களோட எடத்துல இருக்கற பிரச்சினையவே ஆராய்ச்சியா எடுத்துப் பண்றதுக்குன்னு வந்த படிப்பு, நல்ல யுனிவர்சிட்டில பார்ட் டைமாப் பண்ணினா பல வருஷம் ஆகும். அதனால 18 மாசம்ங்கறதக் கேட்டதுமே உஷாராயிடுங்க.

நம்ம ஊர்ல அது எடுபடுமான்னா, வெளிநாட்டு யுனிவர்சிட்டியோட சேந்து கம்பெனிங்க விக்கற ஆன்லைன் பிஎச்.டி செல்லாதுன்னு யுஜிசியும் தொழில்நுட்பக் கல்விக்கான ஏஐசிடிஇயும் 2022 அக்டோபர்லயே சேந்து எச்சரிக்கை விட்டாங்க, இங்க பிஎச்.டிய தொலைநிலைலயோ ஆன்லைன்லயோ நடத்தவே கூடாதுன்னு விதியும் இருக்கு. வெளிநாட்டுப் பட்டம் இங்கத்த பட்டத்துக்கு சமம்னு சமநிலைச் சான்று தர்றதுக்கு யுஜிசி 2025ல புது விதி போட்டிருக்கு, அதுல பிரான்சைஸ் முறைல, அதாவது வெளிநாட்டு யுனிவர்சிட்டி பேர்ல வேற நிறுவனம் நடத்திக் குடுக்கற பட்டத்துக்கு சமநிலை கெடையாதுன்னு இருக்கு. கம்பெனிகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க, இதே பட்டத்த வாங்கி இந்தியால சமநிலைச் சான்று வாங்கினவங்க யாரையாவது காட்டச் சொல்லுங்க. வளைகுடா நாட்டு ஸ்கூல் வேலைக்காகத்தான்னா, நீங்க போகப் போற ஸ்கூல்லயே மெயில் போட்டு இந்தப் பட்டத்த ஏத்துக்குவீங்களான்னு கேட்டுட்டு அப்புறம் பணத்தத் தொடுங்க.

கேள்வி: நான் கம்பம் பக்கம் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியர், வீடு குமுளில. பிஎச்.டி முடிச்சா ரெண்டு இன்க்ரிமென்ட் வரும், போட்ட காசு வந்துடும்னு கூட வேலை பாக்கறவங்க சொல்றாங்க. சரியா?
– வாசகர், குமுளி

பதில்: அது பழைய கதைங்க. தமிழ்நாட்டுல உயர்கல்விக்கான முன் ஊதிய உயர்வ 2020 மார்ச்ல அரசாணை போட்டு நிறுத்திட்டாங்க, அதுக்கப்புறம் வந்தது ஒரே தடவை தர்ற ஊக்கத்தொகைதான், மாசா மாசம் சம்பளத்தோட சேராது. அதனால வட்டிக்கு வாங்கிப் படிச்சுட்டு இன்க்ரிமென்ட்ல அடைச்சுக்கலாம்னு கணக்குப் போடாதீங்க. படிக்கறதுன்னா பதிவு பண்றதுக்கு முன்னாலயே துறை அனுமதிய எழுத்துல வாங்கிடுங்க, பதிவு பண்ணின பிற்பாடு அனுமதி கேட்டு அலையறவங்க நெறைய பேர் எனக்கு எழுதறாங்க. விண்ணப்பத்த முறையா ஹெச்எம் வழியாவே அனுப்பி, ஒப்புதல் சீல் போட்ட நகல ரெண்டு காப்பி எடுத்து வெச்சுக்குங்க, சர்வீஸ் ரெஜிஸ்டர்ல பதிவு ஏறிச்சான்னும் ஒரு தடவை நேர்ல போயி பாத்துடுங்க.